இரண்டாவது வழி எங்கே போகிறது?

வீட்டு இணைய மோடத்தில் எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கினால் என்ன பொருள் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எங்கோ லைன் கட். கேபிள்காரருக்கு ஒரு போன் போகும், "சாயங்காலத்துக்குள்ள பார்த்துடறோம் சார்" என்று பதில் வரும். அதற்குள் வீட்டில் யாராவது கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டிருப்பார்கள். மடிக்கணினி அதைப் பிடித்துக்கொள்ளும். மின்னஞ்சல் வரும், பாடம் தொடரும், அலுவலக வேலை நகரும்.

இதைக் கொஞ்சம் கூர்ந்து கவனித்தால் கேள்விகள் எழும். செய்தித்தளம் ஒரு தடையும் இல்லாமல் திறக்கிறது. நடந்துகொண்டிருந்த காணொளி அழைப்பு மட்டும் ஏன் உறைந்து நிற்கிறது? சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிகின்றன. இரவு எட்டு மணிக்குப் படம் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது? எதிரில் இருப்பவர் நமக்குத் தெளிவாகத் தெரிகிறார். நம் முகம் அவருக்கு ஏன் சதுரம் சதுரமாகச் சிதறுகிறது? இவை எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. புயல் நாளில், மாற்று வழி மிகவும் தேவைப்படும் அன்றைக்கே, கைபேசியும் ஏன் சேர்ந்து படுத்துவிடுகிறது? அதற்கு விடை காண மற்றவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கு சொல்வது என்ன என்று பார்ப்போம். வீட்டுக்குள் வரும் மெல்லிய கேபிளுக்குள் இருப்பது ஒரு கண்ணாடி இழை. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி செல்லும் நடுப்பகுதி அதிலும் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு. நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒரே இழை, வழியில் ஒரு சிறு பெட்டியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து அத்தனை வீடுகளுக்கும் போகிறது. பிரிக்கும் வேலையைக் கண்ணாடியே செய்துவிடுவதால் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். நிலையத்திலிருந்து வீட்டுக்கு 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி வருகிறது. வீட்டிலிருந்து 1310 நானோமீட்டரில் திரும்பிப் போகிறது. இரண்டும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு. அலைநீளம் வேறு வேறு என்பதால் ஒரே இழையில் எதிரெதிராக ஓடியும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. அந்த 1490 நானோமீட்டர் ஒளி வந்து சேராதபோதுதான் மோடம் சிவப்பு விளக்கைப் போடுகிறது. மரக்கிளை விழுந்திருக்கலாம், உயரமான லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், எங்கோ சாலையைத் தோண்டியிருக்கலாம்.

மோடத்தில் எந்த விளக்குமே எரியவில்லை என்றால் அது வேறு சங்கதி. பழைய லேண்ட்லைன் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம், எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரியிலிருந்து, பேச்சு வந்த அதே செம்புக் கம்பியிலேயே வந்தது. ஊரே இருண்டு கிடந்தாலும் தொலைபேசி மணி அடித்தது அதனால்தான். கண்ணாடி ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. கரண்ட் போனால், இழையின் முனை வரை ஒளி வந்து நின்றாலும் அதைப் படிக்க மோடத்துக்குத் தெம்பு இருக்காது. பெரும்பாலான மோடங்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. கையடக்கமான ஒரு சிறு யுபிஎஸ் அவற்றைச் சில மணி நேரம் தாங்கும். மின்வெட்டில் ஹாட்ஸ்பாட்டைத் தேடும் பல வீடுகளில் உண்மையில் லைன் நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது வழிக்குச் செலவழிக்கும் முன் முதல் வழிக்கு ஒரு பேட்டரி வாங்கி வைப்பதே நல்லது என்பேன்.

இனி, உண்மையாகவே இழை அறுந்த நாளுக்கு வருவோம். கைபேசி சட்டென்று அந்த இடத்துக்கு வந்து நிற்க முடிவதே ஒரு பழைய, துணிச்சலான எண்ணத்தின் பலன். பழைய தொலைபேசிப் பிணையத்தில் இருவர் பேசினால், பேசி முடிக்கும் வரை அவர்களுக்கென்று ஒரு தடம் முழுதாக ஒதுக்கப்படும். தடம் அறுந்தால் பேச்சும் அறும். அணுகுண்டு விழுந்து பல நிலையங்கள் அழிந்த பின்னும் செய்தி போய்ச் சேர வேண்டுமானால் பிணையம் எப்படி இருக்க வேண்டும் என்று 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன் ஆராய்ந்தார். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டிலும் அது சேர வேண்டிய முகவரியை எழுது. எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியில் அனுப்பு. இதுதான் அவர் கண்ட விடை. இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் தனியாகவே இதே முடிவுக்கு வந்தார். அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர் வைத்தவர் அவர். நாம் பொதி என்போம். பொதிக்குக் கண்ணாடியும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான்.

அப்படியானால் நடந்துகொண்டிருந்த அழைப்பு ஏன் உறைகிறது? வழி மாறும்போது நம் முகவரியும் மாறிவிடுகிறது. இணையத்தில் நடக்கும் ஒவ்வோர் உரையாடலும் இரு முனைகளின் முகவரிகளாலும், ஒவ்வொரு முனையிலும் உள்ள ஒரு வாயில் எண்ணாலும் அடையாளம் காணப்படுகிறது. 1974இல் விண்ட் செர்ஃபும் பாப் கானும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த டிசிபி என்ற நெறிமுறை இப்படித்தான் இயங்குகிறது. முகவரி மாறினால், எதிர்முனைக்கு நாம் யாரோ ஒரு புதிய ஆள். செய்தித்தளத்தில் அடுத்த பக்கத்தைத் தொடும்போது புதிய உரையாடல் தொடங்கிவிடுவதால் மாற்றம் நமக்குத் தெரிவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் அழைப்போ, தன் புதிய முகவரியை எதிர்முனைக்குச் சொல்லி மறுபடி கைகோக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சில நொடிகள்தான் உறைவாகத் தெரிகின்றன. சில வங்கித் தளங்கள் இந்த மாற்றத்தைச் சந்தேகமாக எடுத்துக்கொண்டு வெளியேற்றியும் விடும். 2021இல் தரமாக அறிவிக்கப்பட்ட க்விக் நெறிமுறை, உரையாடலுக்கு முகவரியைச் சாராத ஓர் அடையாள எண்ணைக் கொடுக்கிறது. முகவரி மாறினாலும் பேச்சு தொடரும் வாய்ப்பு அதனால் கூடியிருக்கிறது.

முகவரி என்றதும் ஒரு கணக்கு. இன்றும் பரவலாகப் புழங்கும் ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். உலகத்தின் கைபேசிகளுக்கே அது போதாது. அதனால் 1990களின் நடுவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனி முகவரிகள் சில ஒதுக்கப்பட்டன. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த மடிக்கணினியின் முகவரியைப் பார்த்தால் 192.168 என்றோ 172.20 என்றோ 10 என்றோ தொடங்கும். மடிக்கணினி ஒரு பொதியை அனுப்பும்போது கைபேசி அதிலுள்ள அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதுகிறது. ஒரு வாயில் எண்ணையும் இட்டு, எந்த எண் எந்தக் கருவிக்கு என்று தன்னிடம் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து உரிய கருவிக்குத் தள்ளுகிறது. இதற்கு முகவரி மாற்றம் என்று பெயர். ஹாட்ஸ்பாட் போட்ட நொடியில் நம் கைபேசி ஒரு ரூட்டராகவே ஆகிவிடுகிறது.

கைபேசியின் முகவரியும் பெரும்பாலும் அதற்கே உரியதில்லை. கைபேசி அமைப்பில் தெரியும் நான்காம் பதிப்பு முகவரியைக் குறித்துக்கொண்டு, "என் ஐபி முகவரி என்ன" என்று காட்டும் தளம் ஒன்றையும் திறந்து பாருங்கள். இரண்டும் பெரும்பாலும் வேறாக இருக்கும். கைபேசியில் தெரிவது 10இலோ, 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களிலோ தொடங்கினால், நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு முகவரி மாற்றம் செய்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். பின்னது இந்த வேலைக்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட எண்தொகுதி. உள்ளிருந்து வெளியே போவதற்கு இந்த இரட்டை மாற்றம் தடையில்லை. வெளியிலிருந்து யாரும் முதலில் கதவைத் தட்ட முடியாது, அவ்வளவுதான். நேரடி முகவரியை நம்பி அமைத்த பழைய வகைக் கேமராப் பெட்டிகள் ஹாட்ஸ்பாட்டில் வெளியூரிலிருந்து அகப்படாமல் போவது இதனால். ஐபி ஆறாம் பதிப்பில் முகவரிப் பஞ்சமே கிடையாது; அதை வேகமாக ஏற்றுக்கொண்ட நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது.

கைபேசி ரூட்டர் ஆகிவிட்டதற்குப் பொதியிலேயே ஒரு தடயம் இருக்கிறது. ஒவ்வொரு பொதியும் ஓர் ஆயுள் எண்ணோடு புறப்படுகிறது. பல கருவிகளில் அது 64. வழியில் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். சுழியம் ஆனால் பொதி அங்கேயே கைவிடப்படும். வழி தவறிய பொதிகள் முடிவில்லாமல் சுற்றாதிருக்க இந்த ஏற்பாடு. கைபேசியே அனுப்பிய பொதி டவரை 64 என்ற எண்ணோடு அடைகிறது. மடிக்கணினியிலிருந்து கைபேசி வழியாக வந்தது 63 என்ற எண்ணோடு அடைகிறது. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கும் நாடுகளில் நிறுவனங்கள் இந்த ஓர் எண் வித்தியாசத்தை வைத்தே அதைக் கண்டுபிடிக்க முடியும். இதே எண்ணைக் கொண்டு 1980களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் ஒரு கருவி எழுதினார், ட்ரேஸ்ரூட் என்று. ஆயுள் 1 என்று ஒரு பொதி, 2 என்று ஒரு பொதி, 3 என்று ஒரு பொதி என வரிசையாக அனுப்பினால், ஒவ்வொன்றும் எந்த ரூட்டரில் மடிகிறதோ அந்த ரூட்டர் "உங்கள் பொதி இங்கே முடிந்தது" என்று தகவல் அனுப்பும். நம் பொதிகள் போகும் வழி கண்ணுக்குத் தெரிந்துவிடும். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

இனி, காற்றில் நடப்பது. கைபேசி காட்டும் கோடுகளை அதிகம் நம்ப வேண்டாம். எத்தனை வலிமைக்கு எத்தனை கோடு என்பதில் பொதுவான தரம் இல்லை. தயாரிப்பாளர்கள் அவரவர் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். உண்மையான எண் வேண்டுமானால் கைபேசியின் அமைப்புகளுக்குள், சிம் நிலை என்ற இடத்தில், மைனஸ் 85 டிபிஎம், மைனஸ் 110 டிபிஎம் என்று இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு வலிமை. பத்து எண் கீழே இறங்கினால் வலிமை பத்தில் ஒன்றாகிறது, இருபது இறங்கினால் நூறில் ஒன்று. மைனஸ் 100 என்பது ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. அவ்வளவு சன்னமான அலையிலிருந்து சொற்களையும் படங்களையும் பிரித்தெடுக்கும் கருவி நம் சட்டைப்பையில் கிடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இரைச்சலுக்கு நடுவே எவ்வளவு தகவலைப் பிழையின்றி அனுப்ப முடியும் என்ற வரம்பை 1948இல் கிளாட் ஷானன் வகுத்தார். அலைவரிசையின் அகலமும், சமிக்ஞை இரைச்சலைவிட எத்தனை மடங்கு ஓங்கி இருக்கிறது என்பதுமே அந்த வரம்பைத் தீர்மானிக்கின்றன. டவரும் கைபேசியும் இந்த வரம்பை ஒட்டியே ஓடப் பார்க்கின்றன. சிக்னல் மோசமானால் ஓர் அலைத்துணுக்கில் 2 பிட். நன்றாக இருந்தால் 4, 6, மிக நன்றாக இருந்தால் 8. நொடிக்குப் பலமுறை கைபேசி நிலவரத்தைச் சொல்ல, டவர் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே கைபேசியை வீட்டின் நடு அறையிலிருந்து டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றுவது சின்ன வேலைதான், பலன் பெரியது. கம்பி போட்ட கான்கிரீட் சுவரைத் தவிர்த்தாலே இருபது எண் முன்னேறலாம். 3500 மெகாஹெர்ட்ஸில் வரும் 5ஜி அலை சுவரில் அதிகம் தேய்ந்துபோகும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் உள்ளே வரும். உள்ளறையில் 5ஜி வந்து வந்து போகிறது என்றால் 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள், நிதானமாக நிற்கக்கூடும்.

நம் முகம் மட்டும் சிதறுவதற்கும் விடை இங்கேதான். டவர் பல பத்து வாட் திறனோடு பேசுகிறது. கைபேசி, பேட்டரியையும் நம் உடலையும் கருதி, வழக்கமாக வாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. தொலைவு கூடும்போதும் சுவர்கள் குறுக்கிடும்போதும் டவரின் குரல் நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். நம் குரல் டவருக்குக் கேட்பது முதலில் மங்கும். இறக்கும் வேகத்தை மட்டும் சோதித்துவிட்டு "நெட் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்பவர்கள் ஏற்றும் வேகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் ஆன்லைனில் பாடம் எடுப்பவருக்கும் அந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

சிக்னல் அருமையாக இருந்தும் இரவில் வேகம் இல்லாதது ஏன்? ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்கு ஒரே ஒருவர் வாளியோடு பரிமாறுகிறார். அவர் ஓர் இலை முன் நிற்கும் நேரம் மற்ற எல்லாருக்கும் காத்திருக்கும் நேரம். டவரில் இந்தப் பரிமாறும் வேலையை ஒரு நிரல் செய்கிறது. 4ஜியில் ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை, அலைவரிசையின் எந்தத் துண்டு யாருக்கு என்று அது முடிவு செய்கிறது. நல்ல சிக்னல் உள்ளவருக்கு ஒரு கரண்டியில் நிறைய விழுகிறது. மோசமான சிக்னல் உள்ளவருக்கு அதே அளவைக் கொடுக்கப் பல கரண்டி வேண்டும், அதாவது பலருடைய நேரம் வேண்டும். நல்ல சிக்னல்காரருக்கே எல்லாம் கொடுத்தால் மொத்த அளவு கூடும், மூலையில் இருப்பவர் பட்டினி கிடப்பார். எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தால் எல்லாருமே மெதுவாவார்கள். ஒவ்வொருவரும் இதுவரை பெற்றதையும் இப்போது பெறக்கூடியதையும் ஒப்பிட்டு நடுவழியில் பங்கிடும் முறைகள்தான் நடைமுறையில் இருக்கின்றன. நம் கைபேசியின் கோடுகள் நமக்கு இலை போட்டாயிற்று என்று மட்டும்தான் சொல்கின்றன. பந்தியில் எத்தனை பேர் என்பதை அவை சொல்வதில்லை.

அளவைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். பரவலாக இருக்கும் ஜிபான் வகைக் கண்ணாடி இழையில் நிலையத்திலிருந்து நொடிக்கு 2,500 மெகாபிட் வருகிறது. அதை 32 வீடுகள் பங்கிட்டாலும் தலைக்கு 78. ஒரு 4ஜி டவர் ஒரு திசையில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், இரண்டு ஆன்டெனாக்களோடு, எல்லாம் கச்சிதமாக அமைந்தால் தரக்கூடிய உச்சம் ஏறத்தாழ 200 மெகாபிட். அதை டவரின் அந்தத் திசையில் இருக்கும் எல்லாக் கைபேசிகளும் பங்கிட வேண்டும். 5ஜி இந்த எண்ணைப் பல மடங்கு உயர்த்துகிறது, பங்கீடு மட்டும் மாறுவதில்லை. தெருவில் லைன் அறுந்தால் நம் வீட்டில் மட்டுமா ஹாட்ஸ்பாட் போடுவார்கள்? தெரு முழுக்க அதே நேரத்தில் அதே டவரிடம் போய் நிற்கும்.

இந்த நெருக்கடியை நம் வீடும் தெரியாமல் கூட்டுகிறது. ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபைதான் என்பதால் மடிக்கணினி வழக்கமான வீட்டு இணைப்பு என்றே எடுத்துக்கொண்டு, காத்திருந்த மென்பொருள் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கும். இன்னொரு கைபேசி புகைப்படங்களை மேகக்கிடங்குக்கு ஏற்றத் தொடங்கும். ஏற்றும் பாதை குறுகியது என்று பார்த்தோம். அதில் படங்கள் வரிசைகட்டி நின்றால் நம் பேச்சின் பொதிகள் அந்த வரிசையின் கடைசியில் சேர்கின்றன. கருவிகளின் நினைவகம் மலிவாகிப் பெரிதானதால் வரிசையும் நீண்டு, தாமதம் நொடிக்கணக்கில் ஏறும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் இதைக் கவனித்து பஃபர்புளோட் என்று பெயரிட்டார். இதற்குத் தீர்வு நம் கையில் இருக்கிறது. ஹாட்ஸ்பாட் இணைப்பை மடிக்கணினியில் அளவு வரம்புள்ள இணைப்பு என்று குறித்தால் புதுப்பிப்புகள் பெரும்பாலும் நின்றுவிடும். அன்றாட டேட்டா 1.5 ஜிபி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 1 மெகாபிட் பிடிக்கும் அழைப்பு ஒரு மணி நேரத்தில் 450 எம்பி தின்னும். மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. தொலைக்காட்சியில் உயர்தரப் படம் ஓடினால் ஒரு மணி நேரத்திலேயே காலி.

இதுவரை பார்த்தவை எல்லாம் இரண்டாவது வழி உயிரோடு இருக்கும்போது. இனி அந்தக் கனமான கேள்வி.

ஒரு லைன் நூறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் படுத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரத்தில் அது 88 மணி நேரம். கைபேசி இணைப்பும் அதே அளவு தரம் குறைந்ததுதான் என்றாலும், இரண்டும் ஒரே நேரத்தில் படுக்கும் வாய்ப்பு நூறில் ஒன்றில் நூறில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இரண்டு சுமாரான வழிகள் சேர்ந்து ஒரு மிக நல்ல வழியைத் தந்துவிடுகின்றன. கணக்கு சரிதான். ஆனால் ஒன்று படுப்பதற்கும் மற்றது படுப்பதற்கும் தொடர்பே இல்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. தொடர்பு இருந்தால் அந்தப் பெருக்கலுக்கு அர்த்தம் இல்லை. பொறியாளர்கள் இதைப் பொதுக்காரணத் தோல்வி என்கிறார்கள். 2011இல் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசரகால ஜெனரேட்டர்கள் ஒன்றுக்குப் பல இருந்தன. ஒரே ஆழிப்பேரலை அவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றையும் முடக்கியது.

இணையத்தில் இதற்கு மிகத் தெளிவான சான்று கனடாவில் கிடைத்தது. 2022 ஜூலை 8 அன்று அதிகாலை, ரோஜர்ஸ் நிறுவனம் தன் மையப் பிணையத்தில் ஒரு மேம்படுத்தும் பணியைச் செய்துகொண்டிருந்தது. அதன் ஒரு கட்டத்தில் ரூட்டர் ஒன்றிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. எந்த வழிகளை யாருக்குச் சொல்லலாம் என்று கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது அது. தடை நீங்கியதும் வழித்தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரூட்டர்களைத் திணறடித்தன. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கத் தவித்தார்கள். வீட்டு இணையமும் ரோஜர்ஸ், கைபேசியும் ரோஜர்ஸ் என்று வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே நொடியில் போயின. ஒன்று கம்பி வழி, மற்றது காற்று வழி என்பது வீட்டிலிருந்து பார்க்கும்போது மட்டுமே. சற்றுத் தள்ளிப் போனதும் இரண்டும் ஒரே மையப் பிணையத்தில்தான் போய் விழுந்தன. அந்த மையத்தைச் சார்ந்திருந்த இன்டராக் பணப்பரிமாற்ற வலையும் நின்றதால் கடைகளில் அட்டை வேலை செய்யவில்லை. அவசர எண்ணைக்கூடப் பலரால் அழைக்க முடியவில்லை. டவர்கள் மட்டும் உயிரோடு அலை பரப்பிக்கொண்டிருந்ததால் கைபேசிகள் அவற்றை விட்டு வேறு நிறுவனத்தின் டவருக்குத் தாவாமல் ஒட்டிக்கொண்டே இருந்தன.

இதன் பின்னர் வந்த ஆய்வறிக்கையில் என்னை மிகவும் பாதித்தது ஒன்று. பழுதைச் சரிசெய்ய வேண்டிய ரோஜர்ஸ் ஊழியர்களும் ரோஜர்ஸ் இணைப்புகளையே வைத்திருந்தார்கள். முதல் சில மணி நேரம் அவர்களால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே சரியாக முடியவில்லை. கடைசியில் போட்டி நிறுவனங்களின் சிம் அட்டைகளைத் தங்கள் நிலையங்களுக்கு அனுப்பி வைத்துத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள். கைபேசிக்கும் கம்பி வழிக்கும் மையப் பிணையத்தைத் தனித்தனியாகப் பிரிப்பதாக நிறுவனம் பின்னர் அறிவித்தது.

ஆக, வீட்டு ஒளியிழை எந்த நிறுவனமோ அதே நிறுவனத்தின் சிம்மை மாற்று வழியாக வைத்திருப்பது அரை ஏற்பாடு. தெருவில் கேபிள் அறுந்தால் அது கைகொடுக்கும். நிறுவனமே சரிந்தால் கொடுக்காது. இரண்டையும் சேர்த்து வாங்கினால் கட்டணம் குறைவு என்ற சலுகைகள் கவர்ச்சியானவைதான். அந்தச் சலுகையில் நாம் விட்டுக்கொடுப்பது, இரண்டு வழிகளும் ஒன்றையொன்று சாராதிருப்பதை என்பது விளம்பரத்தில் இருக்காது.

வேறு நிறுவனத்தின் சிம் வாங்கினால் கவலை தீர்ந்ததா? அதுவும் முழுதாக இல்லை. இந்தியாவில் ஒரே டவரில் பல நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் நிற்பது வழக்கம். டவரும் அதன் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் அவை எல்லாவற்றுக்கும் பொது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கம்பங்களில் தொங்கிய கேபிள்களும் கூடவே போயின. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் நீர் தேங்கி, பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. சில இடங்களில் நாள்கணக்கில் வரவில்லை. டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல். டீசல் கொண்டு போகும் வண்டியோ இடுப்பளவு நீரைக் கடந்து வர வேண்டும். வீட்டு லைனை அணைத்த அதே வெள்ளம், சற்று நேரம் கழித்து டவரையும் அணைக்கிறது. பேரிடர் நேரத்தில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அதே வட்டாரத்தில் வேறு நிறுவனத்தின் டவரைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கும் ஏற்பாட்டை அரசு கொண்டுவருவது இதனால்தான். ஆனால் அதற்கும் இயங்குகிற டவர் ஒன்றாவது அருகில் இருக்க வேண்டும்.

டவருக்கு மின்சாரம் இருந்தாலும் போதாது, அங்கிருந்து பொதிகள் மேலே போக வேண்டும். பேக்ஹால் என்று துறையில் உள்ளவர்கள் சொல்லும் இந்தப் பின்வழி பல டவர்களில் கண்ணாடி இழைதான். அது நம் வீட்டு இழை போகும் அதே கம்பங்களில், அதே சாலையோரப் பள்ளத்தில் போனால், ஒரே ஜேசிபி இரண்டையும் சேர்த்து அறுத்துவிடும். வேறு டவர்களில் பின்வழி நுண்ணலை. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள டவரை அண்ணாந்து பாருங்கள். நீளமான பெட்டி வடிவில் இருப்பவை கைபேசிகளோடு பேசும் ஆன்டெனாக்கள். வட்டமாக, தவில் மாதிரி பக்கவாட்டில் பொருத்தியிருப்பவை இன்னொரு டவரை நேருக்கு நேர் பார்க்கும் நுண்ணலைத் தட்டுகள். அவை இருந்தால் அந்த டவரின் போக்குவரத்தில் ஒரு பகுதியேனும் காற்றில் போகிறது, தெருவைத் தோண்டினால் அறாது என்று ஊகிக்கலாம்.

நுண்ணலைக்கும் ஒரு பலவீனம் உண்டு. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிக்கும். மழை வலுக்க வலுக்க எதிர் டவரில் சமிக்ஞை மங்கும். இந்த இடைஞ்சலையே ஹாகித் மெசரும் கூட்டாளிகளும் ஒரு கருவியாக மாற்றினார்கள். டவர்களுக்கிடையே சமிக்ஞை எவ்வளவு மங்கியது என்ற பதிவுகளைக் கொண்டே அந்தப் பாதையில் எவ்வளவு மழை பெய்தது என்று கணக்கிடலாம் என 2006இல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். மழைமானி இல்லாத ஊர்களிலும் டவர் இருக்கிறதே! வறண்ட நாடுகளும் ஏழை நாடுகளும் இன்று இந்த முறையை ஆர்வத்தோடு பார்க்கின்றன.

நம் இரண்டு வழிகளும் உண்மையில் எங்கே ஒன்றுசேர்கின்றன என்பதை ஓரளவு நாமே சோதிக்கலாம். வீட்டு வைஃபையில் ஒருமுறையும் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறையும் ஒரே தளத்துக்கு ட்ரேஸ்ரூட் ஓட்டி, வரும் ரூட்டர் வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் சில வரிகளுக்குள்ளேயே ஒரே நிறுவனத்தின் பெயர் இரண்டிலும் வந்தால் இரண்டும் சீக்கிரமே கூடிவிடுகின்றன. சில ரூட்டர்கள் பதில் சொல்லாமல் இருந்துவிடும், அங்கே நட்சத்திரக் குறிதான் வரும்; அதைப் பொருட்படுத்த வேண்டாம். கரண்ட் போகும்போதெல்லாம், எத்தனை மணி நேரம் கழித்துச் சிக்னல் போகிறது என்று குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் டவரின் பேட்டரியும் டீசலும் தாங்கும் நேரம். இரண்டு சிம் போடும் கைபேசியாக இருந்தால் இரண்டு நிறுவனங்களும் ஒரே நேரத்தில் போகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்றாகப் போனால் அவை அநேகமாக ஒரே டவரில் குடியிருக்கின்றன.

பிறகு, வேலை நாளின் இரவு எட்டு மணிக்கு மோடத்தை அணைத்துவிட்டு வீடே ஒரு மணி நேரம் ஹாட்ஸ்பாட்டில் ஓடட்டும். ஜன்னலோரம் கைபேசியை வைத்து, யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்தால் வைஃபைக்குச் செலவாகும் ஆற்றல் மிச்சம், சார்ஜும் ஏறும். வெயில் படும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம். இடைவிடாமல் அலை பரப்பும் கைபேசி தானாகவே சூடாகும், சூடு ஏறினால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், லித்தியம் பேட்டரியின் ஆயுளும் தேயும். பழைய கைபேசி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி நிரந்தரமாகச் சார்ஜரில் செருகி வைப்பவர்கள், அதன் முதுகு உப்புகிறதா என்று அவ்வப்போது தடவிப் பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் அன்றே சார்ஜரைக் கழற்றி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.